பிரெஞ்சில் சுய அறிமுகம்: எங்கே தப்பு?

கேள்வி: டெல்ஃப் ஏ1 (பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் தொடக்க நிலை) வாய்மொழித் தேர்வுக்கு இப்படித் தயார் செய்திருக்கிறேன். சரியா? "போன்ஜூர். ஜ மாபெல் கீதா. ஜ சுயி வேன் ஆன். ஜ சுயி உயின் எத்யூதியான்த். ஜ ஆபித் சென்னை." (வணக்கம். என் பெயர் கீதா. எனக்கு இருபது வயது. நான் ஒரு மாணவி. சென்னையில் வசிக்கிறேன்.)

பதில் 1: முதல் இரண்டும் சரி. மற்ற மூன்றிலும் பிழை.

வயதுக்கு 'சுயி' (இருக்கிறேன்) வராது. பிரெஞ்சில் வயது 'இருப்பது' அல்ல, 'உடையது'. அதனால் "ஜே வேன்-தான்". தனியாகச் சொன்னால் வேன் என்பதன் கடைசி 'த்' ஒலிக்காது; 'ஆன்' (ஆண்டு) சேரும்போது ஒலிக்கும். ஆன் என்பதை விட்டுவிட்டு எண்ணோடு நிறுத்தவும் கூடாது.

தொழில், படிப்புக்கு முன்னால் 'உயின்' (ஒரு) வேண்டாம்: "ஜ சுயி எத்யூதியான்த்". ஆண் என்றால் கடைசி 'த்' ஒலிக்காது.

ஆபித் என்பதில் எழுத்தில் எச் இருந்தாலும் ஒலி இல்லை. ஆகவே 'ஜ' அதோடு ஒட்டிவிடும். ஊருக்கு முன் 'ஆ' (-இல்) இல்லாமலும் சொல்வதுண்டு, ஆனால் சேர்த்துச் சொல்வதே வழக்கம்: "ஜாபித் ஆ சென்னை".

பதில் 2: அந்த 'ஜ' பற்றி ஒரு வார்த்தை. சில குறிப்பேடுகளில் 'ழ' என்று எழுதியிருப்பார்கள். நம் ழகரம் அல்ல அது, நாக்கை மடிக்காதீர்கள். 'ஷ்ஷ்' என்று இழுத்தபடி தொண்டையை அதிரவிட்டால் வரும் ஒலிதான். 'த' நமக்கு லாபம்: ஆங்கில 'ட' அல்ல, தமிழ்ப் பல்லொலியே போதும்.

கேள்வி: பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்களாமே?

பதில் 1: கேட்கக்கூடும். பலர் தடுமாறுவது இங்கேதான். ஆங்கில எழுத்து ஜி பிரெஞ்சில் 'ஜே', ஆங்கில ஜே பிரெஞ்சில் 'ஜி'. அப்படியே தலைகீழ். ஆங்கில 'ஈ' என்ற எழுத்தை உதட்டைக் குவித்து 'எ' என்று சொல்ல வேண்டும். 'ஈ' என்று சொன்னால் ஐ என்ற எழுத்தாக எழுதிக்கொள்வார்கள். கீதா: ஜே, எ, எ, தே, ஆஷ், ஆ.

'ப்ரெநோன்' உங்கள் பெயர், 'நோன்' குடும்பப் பெயர். இனிஷியலை மட்டும் சொன்னால் தேர்வாளருக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் உள்ளதைச் சொல்லுங்கள்.

பதில் 2: இந்த அறிமுகப் பகுதி சுமார் ஒரு நிமிடம்தான், தயாரிப்பு நேரம் கிடையாது. தேர்வில் தயாராகத் தரும் 10 நிமிடம் அடுத்த இரண்டு பகுதிகளுக்கு. மனப்பாடமாக ஒப்பிக்காமல், இடையில் கேள்வி வந்தாலும் தொடரப் பழகுங்கள். தேர்வாளரிடம் 'த்யூ' (நீ) வேண்டாம், 'வூ' (நீங்கள்) தான்.

கேள்வி: இந்தியர் என்று சொல்ல 'எந்தியேன்' போதுமா?

பதில் 1: அது ஆணுக்கு, மூக்கொலியில் முடியும். நீங்கள் "ஜ சுயி எந்தியென்" என்று கடைசி 'ன்' தெளிவாகக் கேட்கும்படி சொல்லுங்கள்.