புதுப்பிப்பு: நெட்வொர்க் கார்டில் பாக்கெட் விழுந்த கதை

போன வாரம் புலம்பியிருந்தேனே, இரவு பேக்கப் ஓடும்போது மட்டும் லினக்ஸ் சர்வரில் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) தொலைகிறது என்று? பிடித்துவிட்டேன். கேபிளும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. கேபிளை வீணாகத்தான் மாற்றினேன்.

கார்டு அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையில் சின்ன 'ஜி' (-g) போட்டுப் பார்த்தால், ரிங் பஃபர், அதாவது வரும் பாக்கெட்டுகள் சிபியு எடுக்கும்வரை காத்திருக்கும் வரிசை, 256இல் நிற்கிறது. கார்டு தாங்குவதோ 4096. திடீரென்று குவியும்போது சிபியு எடுத்து முடிப்பதற்குள் ரிங் நிரம்பி, மிச்சத்தைக் கார்டே கீழே போட்டுவிடுகிறது. அதனால்தான் சிபியு கிராஃபில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய 'ஜி' போட்டு 2048 ஆக்கினேன். லிங்க் ஒரு நொடி விழுந்து எழுந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பு உறைந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. மூன்று இரவாக, கார்டு கீழே போட்ட பாக்கெட்டுகளை எண்ணும் மிஸ்டு எரர் எண் அசையவில்லை.

ரீபூட் செய்தால் பழைய 256க்கே போய்விடும் என்பதால் பூட் ஆகும்போது கார்டு அமைப்புகளைப் போடும் சிஸ்டம்டி லிங்க் ஃபைலில் எழுதினேன். அங்கேதான் சறுக்கல். முதலில் பொருந்தும் ஃபைல் ஒன்றைத்தான் அது எடுக்கும். பெயர் வைக்கும் விதி என் ஃபைலில் இல்லாததால் இன்டர்ஃபேஸ் பெயரே (கார்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) மாறி, பழைய பெயருக்கு எழுதியிருந்த ஐபி முகவரி இல்லாமல் சர்வர் எழுந்தது. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டிஃபால்ட் ஃபைலில் உள்ள நேம்பாலிசி வரியையும் சேர்த்தே காப்பி செய்யுங்கள்.

பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து சிபியுவை ஒரே தடவையில் கூப்பிடும் இன்டரப்ட் கோலசிங்கை இன்னும் தொடவில்லை.