புதுப்பிப்பு: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, சில்லர் இல்லாமல்

சென்னை வெயிலில் சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்காமல் பவளத்தொட்டி வைக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் முதலில் ஃபேனைப் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். போட்டேன். நீர்ப்பரப்பில் காற்று பட்டாலே இரண்டு டிகிரி வரை இறங்குகிறது. ஆனால் புழுக்கமான நாளில் நீர் சரியாக ஆவியாவதில்லை, தெர்மாமீட்டர் 29-ஐத் தொடுகிறது. எனக்கு வேண்டியது 26. அதனால் சில்லர் வாங்கத்தான் போகிறேன், கரண்ட் பில்லை நினைத்தால்தான் பகீரென்கிறது.

ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாகக் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, ஒப்படர்த்தியை (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025-இல் வைத்திருக்கிறேன்.

மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன, நைட்ரேட் கொஞ்சம் காட்டுகிறது. மணல்மேல் பழுப்புப் படலம், டயட்டம் என்ற நுண்பாசிதான். தானாகப் போகும், விட்டுவிட்டேன்.

அப்புறம், மன்னார் வளைகுடாப் பவளம் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் சார். கடின பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அடுத்து தொட்டியில் வளர்த்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி வாங்கலாம் என்றிருக்கிறேன்.