மறதி என்று போய் சர்க்கரையில் முடிந்த கதை – உங்களுக்கும் நடந்ததா?

கணக்கர்46:

தணிக்கை வேலை எனக்கு. ஒரு தொகையை ஒருமுறை பார்த்தால் மறுநாள் வரை மறக்காது என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவன். இரண்டு வருடமாக, மதியம் மூன்று மணி ஆகிவிட்டால் ஒரே வரியை மூன்று தடவை படிக்கிறேன், ஒன்றும் ஏறுவதில்லை. பதினோரு வருடம் பக்கத்து மேசையில் இருப்பவரின் பெயர் ஒரு கூட்டத்தில் வாய்வரை வந்து நின்றுவிட்டது. "அதோ, அவர்தான்" என்று கையைக் காட்டிச் சமாளித்தேன். என் அம்மாவுக்கு மறதி நோய் இருந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை.

நரம்பியல் மருத்துவரிடம் போனேன். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். எல்லாம் சரியாகவே செய்தேன். அப்புறம் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். தலைக்கு வைத்தியம் பார்க்க வந்தவனுக்கு இடுப்பு எதற்கு என்று உள்ளுக்குள் எரிச்சல்தான். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.3 சதவீதம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240. பிபி 148/94. சராசரி 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

கணக்குக்காரனுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. கையிருப்பு என்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ளாது, அன்றாட வரவை நம்பியே ஓடும். அந்த வரவு வருகிற மெல்லிய ரத்தக்குழாய்களைத்தான் பிபியும் சர்க்கரையும் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கின்றன.

பிபிக்கு ஒரு மாத்திரை, சாப்பிட்டதும் 15 நிமிட நடை. வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். நான்கு மாதத்தில் சராசரி 5.9, பிபி 128/82. பெயர் மறப்பது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது அப்படியேதான் இருக்கிறது. மதிய மந்தம் மட்டும் மூன்றாவது வாரமே விலகிவிட்டது. நடையா, மாத்திரையா, மறதி நோய் இல்லை என்று தெரிந்த நிம்மதியா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இரவுப்பணிச் செவிலி:

எனக்கு இது தலைகீழாக நடந்தது, மனசில் ஆரம்பித்துச் சர்க்கரைக்கு வந்தது. தொடர்ந்து இரவுப் பணி, வார்டில் ஆள் பற்றாக்குறை. விடுப்பில் இருக்கும்போது வெறும் வயிற்றுச் சர்க்கரை 95 பக்கம் இருக்கும். பணி வாரங்களில் 115ஐத் தாண்டும். சாப்பாட்டை நான் மாற்றவே இல்லை. மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், அது கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். புலி துரத்தினால் ஓடுவதற்கு உதவுகிற ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்து கவலைப்படுகிறவளுக்கு அந்தச் சர்க்கரை எதற்கு? ஒரு நாள் மருந்தின் அளவைக் கணக்குப் போட்டபோது இரண்டு தடவையும் இரண்டு விடை வந்தது. நல்லவேளை, கூட இருந்தவர் சரிபார்த்தார். அன்றே பணி நேரத்தை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

செவிலி அம்மா சொல்வதற்கு ஒரு துணைத் தகவல். 1968இல் புரூஸ் மெக்கீவன் குழுவினர் எலி மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அழுத்த ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார்கள். புது நினைவுகளைப் பதிய வைப்பதே அந்தப் பகுதிதான். ஹார்மோன் நேராக அங்கேயே போய் ஒட்டுகிறது என்றால், கவலைக்காலத்தில் படித்தது நிற்காததில் என்ன ஆச்சரியம்?

நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசினால் 2011இல் வெளியான ஒரு ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். 120 முதியவர்கள், ஒரு வருடம். வேகமாக நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்தது, வெறுமனே கைகால் நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. இதுவரை உண்மை. ஆனால் நினைவாற்றல் சோதனையில் இரண்டு குழுவுமே முன்னேறியிருந்தன! இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் எட்டு வருடமாகத் தினமும் நடக்கிறேன், நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறேன். நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இதயத்துக்கும் பிபிக்கும் அது செய்வதே போதும்.

முன்னாள் ஓட்டக்காரன்:

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. உடற்பயிற்சி எவ்வளவு செய்தாலும் நல்லது என்று நம்பிக் கெட்டவன் நான். வேலை போன சமயம், கவலையை மறக்கத் தினமும் 10 கிலோமீட்டர் ஓடினேன். தூக்கம் ஐந்து மணி நேரம். முதல் மாதம் தலை தெளிவாக இருந்தது. மூன்றாவது மாதம் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். காலையில் எழுந்ததும் 58 ஆக இருந்த நாடித்துடிப்பு 70க்கு வந்துவிட்டது. உடம்புக்கு ஓட்டமும் ஒரு அழுத்தம்தான் என்று ஒரு பயிற்சியாளர் சொல்லித்தான் தெரியும். பாதியாகக் குறைத்து, தூக்கத்தைக் கூட்டி, பழைய நிலைக்கு வர ஆறு வாரம்.

பெயர் வேண்டாம்:

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன். மறதி, சோர்வு, பாதத்தில் மதமதப்பு. போன இடமெல்லாம் "நடங்க, டென்ஷனைக் குறைங்க" என்றே அனுப்பினார்கள். நடந்தேன், குறைத்தேன். கடைசியில் ஒருவர் ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார், அடிமட்டத்தில் இருந்தது. மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தால் பி12 குறையக்கூடும் என்பது புது விஷயமே இல்லையாம். ஊசி போட்டார்கள். தலை ஓரளவு தெளிந்தது, பாதம் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. மறதி என்றதும் எல்லாவற்றையும் வாழ்க்கை முறையின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

மூத்த மகள்:

அப்பா இன்சுலின் போடுகிறவர். ஒரு நாள் சாயங்காலம் காரணமே இல்லாமல் கத்த ஆரம்பித்தார். வயதான கோபம் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கத்தினேன். நடுவில் என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை இறந்து இருபது வருடம் ஆகிறது. சட்டை முழுக்க வியர்வை, விரல் நடுக்கம். அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை மீட்டரில் 48. 70க்குக் கீழேயே தாழ்வு. 54க்குக் கீழே போனால் மூளைக்கு எரிபொருள் போதாமல் பேச்சே மாறும். விழுங்கும் நிலையில் இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். அரை மணியில் பழைய அப்பா. கத்தியது அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்குத்தான் நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது வீட்டில் யார் குரலை உயர்த்தினாலும் அப்பா மீட்டரை நீட்டுகிறார். போன வாரம் என்னிடமே நீட்டினார். 92.