இ-பாஸ் மட்டும் போதுமா? நம்ம மலை ஊருங்களுக்கு நகரக் கொள்கைனு ஒண்ணு இருக்கா?

கேத்தி_பையன்:
வணக்கம். சொந்த ஊரு கேத்தி, வேலை ஊட்டில. அக்கா குடும்பத்துக்கு டவுனுக்குள்ள வாடகை வீடு தேடி நாலு மாசமா அலையுறேன், ஃபிங்கர்போஸ்ட், காந்தல், லவ்டேல்னு போகாத இடமில்ல. முன்னாடி டீச்சர், நர்ஸ் குடும்பமெல்லாம் குடியிருந்த வீடுங்க இப்ப ஹோம்ஸ்டேனு ஆப்ல நாள் வாடகைக்குப் போயிடுச்சு. ஓனரக் கேட்டா மாச வாடகைய சீசன்ல ரெண்டு வாரக்கடைசில எடுத்துடுறோம்ங்கறாங்க, அவங்களத் தப்பு சொல்லவும் மனசு வரல.

2001 சென்சஸ்ல நீலகிரி மாவட்டத்துல 7.62 லட்சம் பேரு, 2011ல 7.35 லட்சம். ஆளு குறைஞ்சிருக்கு, கட்டடம் மட்டும் சரிவுல ஏறிக்கிட்டே போகுது. உலகமயமாக்கல், நகரக் கொள்கைனு பேச்சு வந்தாலே சென்னை, கோவை, ஐடி பார்க், மெட்ரோனு போயிடுது, ஸ்மார்ட் சிட்டி திட்டம்கூட கோவை, ஈரோடு மாதிரி ஊருங்களுக்குத்தான் வந்துச்சு. வெளியூர் வண்டிங்க மலையேற ஆன்லைன்ல எடுக்கற இ-பாஸ விட்டா நமக்குன்னு என்ன இருக்கு, என்ன இருக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இந்துநகர்_வாசி:
தம்பி, இது வாடகைப் பிரச்சனை மட்டும் இல்ல. எங்கப்பா ஹெச்பிஎஃப்ல, அதான் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்ல இருந்தாரு. 1960ல மத்திய அரசு ஆரம்பிச்சு 1967ல உற்பத்தி தொடங்கின ஃபிலிம் கம்பெனி, எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் எல்லாம் ‘இந்து’ங்கிற பேர்ல போகும், எங்க ஏரியா பேரே அதுலருந்து வந்ததுதான். ஷிஃப்ட் பஸ் வர்ற நேரத்த வச்சுத்தான் எங்க வீட்ல சோறு வடிப்பாங்க. 90கள்ல வெளிநாட்டு ஃபிலிம் தாராளமா உள்ள வந்துச்சு, கம்பெனி நலிஞ்சுது, பின்னாடியே டிஜிட்டல் வந்து மிச்சத்தையும் முடிச்சிடுச்சு. இப்ப அந்தப் பக்கம் போனா செடி மண்டிப்போன கட்டடம்தான், நான் அந்த ரோட்டுல போறதையே விட்டுட்டேன்.

தேயிலையும் இதே கதைதான். நம்ம தேயிலைக்கு சோவியத் ரஷ்யா பெரிய வாடிக்கை, 1991ல அது உடைஞ்சுது, 90கள் கடைசில விலை சரிஞ்சப்ப ஹட்டி ஹட்டியா, அதாவது படுகர் கிராமம் கிராமமா, சின்ன விவசாயிங்க பட்ட பாடு கேத்திக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பசங்க திருப்பூருக்கும் கோவைக்கும் எறங்குனாங்க, நீங்க சொன்ன சென்சஸ் கணக்குல அவங்கெல்லாம்தான் இருக்காங்க.

ரெண்டு முடிவும் எங்கேயோ எடுத்தது, தாங்குனது நாம. மூணாவதா இப்ப டூரிசம். இதையும் ஒத்தக் கால்ல நிக்க விட்டா ஒரு கொரோனா மாதிரி வந்தா போதும், 2020ல பாத்தோமே, ஸ்வெட்டர் கடையிலருந்து குதிரைக்காரர் வரைக்கும் அடுப்பெரியாம கிடந்தாங்க. அதனால நகரக் கொள்கைன்னா ஊருக்கு ரெண்டு மூணு தொழில் இருக்குதான்னு பாக்கறதுலருந்து தொடங்கணும், பார்க்கிங் கட்டறது அப்புறம்.

மூஞ்சிக்கல்_செல்வி:
கொடைக்கானல்லருந்து எழுதறேன். ஹோம்ஸ்டேனு சொன்னதும் எங்களயெல்லாம் ஒரே கணக்குல சேத்துடாதீங்க தம்பி. எங்கப்பா வேலை பாத்தது தெர்மாமீட்டர் ஃபேக்டரில, அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல ஓடிக்கிட்டிருந்த பழைய மிஷின எடுத்துட்டு வந்து 80கள்ல இங்க வச்சது. பாதரசம்னா என்னன்னு யாரும் சொல்லித்தரல. 2001ல மூடிட்டாங்க, அப்பா உடம்பு அதுக்கப்புறம் தேறவே இல்ல. மிச்சமிருந்தது அந்த வீடுதான். ரெண்டு ரூம வாடகைக்கு விட்டு, நானே சமைச்சுப் போட்டு பையனப் படிக்க வச்சேன்.

வெளியூர்க்காரங்க பங்களா பங்களாவா வாங்கி, சாவிய ஒரு மேனேஜர்கிட்ட குடுத்துட்டு ஆப்ல போடறாங்களே, அதுவும் நாங்களும் ஒண்ணா? நியூயார்க் சிட்டிலயே 2023 செப்டம்பர்லருந்து 30 நாளுக்குக் கம்மியா வாடகைக்கு விடணும்னா ஓனர் அதே வீட்ல இருக்கணும், ரெண்டு கெஸ்டுக்கு மேல கூடாதுன்னு சட்டத்த அமல்படுத்திட்டாங்க. குடியிருந்து நடத்தறவங்களுக்கு ஒரு லைசென்ஸ், பூட்டி வச்சு நடத்தறவங்களுக்கு வேற வரி வேற கட்டுப்பாடு, இத இங்கயும் செய்யலாமே?

நகராட்சி_பழைய_ஆளு:
அக்கா சொன்னது ரொம்ப சரி. நான் நகராட்சி வேலைல இருந்து ரிடையர் ஆனவன். இங்க இருக்கற விதியெல்லாம் கட்டடத்தப் பத்தினது. 1990ல ஹாக்கானு மலைப் பகுதிப் பாதுகாப்புக் கமிட்டி வந்துச்சு, 1993ல மலைவாசஸ்தலக் கட்டட விதி வந்துச்சு, எவ்வளவு உயரம், எந்தச் சரிவுல கட்டலாம்னு அதுல இருக்கு. கட்டின வீட்டுக்குள்ள யாரு இருக்காங்க, குடும்பமா டூரிஸ்டாங்கறத அது கேக்காது. ஓட்டை அங்கதான்.

பணம் இன்னொண்ணு. ஊட்டி நகராட்சியோட மக்கள்தொகை 2011 கணக்குப்படி 88,430. மேல இருந்து வர்ற நிதி பெரும்பாலும் இந்த மாதிரி குடியிருக்கறவங்க எண்ணிக்கைய வச்சுத்தான் பிரியுது, ஆனா பார்சன்ஸ் வேலி தண்ணியும் தீட்டுக்கல் குப்பைக் கிடங்கும் மே மாசத்துல வர்ற அத்தனை பேருக்கும் சேத்து ஓடணும். குழாய்ல தண்ணி வராத நாள்ல எங்க ஆளுங்கதான் திட்டு வாங்குவாங்க.

ஒரு நல்ல விஷயம் சொல்றேன். ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே 7லருந்து இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்லருந்து சீசனுக்கு நீலகிரில நாளுக்கு 6,000 வண்டி, வாரக்கடைசில 8,000, கொடைக்கு 4,000, 6,000னு வரம்பு வச்சாங்க. இதுவே கொள்கை இல்லதான், ஆனா எத்தனை வண்டி, எந்தத் தேதில, எங்கருந்து வருதுன்னு இப்பத்தான் நம்ம கையில கணக்கு இருக்கு. அந்தக் கணக்க வச்சு நிதி கேக்கலாம். வெனிஸ்ல 2024ல கூட்டமான நாள்ல பகல்ல வந்துட்டுப் போறவங்ககிட்ட 5 யூரோ வாங்க ஆரம்பிச்சாங்க, நம்ம பாஸ் இலவசம். ஏழைக் குடும்பம் வேன் புடிச்சு வர்றதத் தடுக்கக் கூடாது, அதனால ஆளுக்கு வாங்காம, தங்கற ரூமுக்கு வாங்கி அந்தக் காசு நேரா நகராட்சித் தண்ணிக்கும் குப்பைக்கும் போகணும்ங்கறது என் கருத்து. வார்டுல ஏரியா சபை கூடறப்ப எழுத்துல குடுங்க தம்பி, வாயால சொன்னா மினிட்ஸ்ல ஏறாது.

இந்துநகர்_வாசி:
ரூமுக்கு வரி சரிதான் ஐயா. ஆனா அந்தக் காசுல கொஞ்சமாவது தேயிலை, காய்கறி பக்கம் போகணும், இல்லன்னா மறுபடி டூரிஸ்டுக்கே ரோடு போடுவாங்க.

கேத்தி_பையன்:
எல்லாருக்கும் நன்றி. செல்வியக்கா, நான் ஹோம்ஸ்டேனு பொதுவா எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஃபிங்கர்போஸ்ட்ல நான் போய்ப் பாத்த வீடுகள்ல எது ஓனர் குடியிருக்கறது, எது பூட்டிக் கிடக்கறதுன்னு ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டுல எழுதப் போறேன். ஐயா, மனு யாரு பேருக்கு எழுதணும், கவுன்சிலருக்கா கமிஷனருக்கா?

நகராட்சி_பழைய_ஆளு:
ரெண்டு பேருக்கும். குடுத்ததுக்கு ஒப்புதல் சீட்டு மறக்காம வாங்கிக்கோங்க.