கனகராயன் ஆற்று மணலில வண்ணாத்திப்பூச்சி

மாங்குளத்தான்:
ஆவணி லீவுக்கு ஊருக்கு வந்தனான். கனகராயன் ஆறு வத்தி வெறும் மணலாக் கிடக்குது. ஒரு ஈரத்தில மட்டும் 20, 30 வண்ணாத்திப்பூச்சி ஒண்டா இருக்கும். கிட்டப் போனா எல்லாம் கிளம்பிடும். கையில போன்தான். படம் எடுக்க என்ன செய்யலாம்?

குளக்கட்டு:
தம்பி, உங்கட நிழல்தான் அதுகளைக் கிளப்புது. நிழல் விழாத பக்கத்தால குந்தியிருந்து அரக்கி அரக்கிப் போங்கோ. அதுகள் ஈரமண்ணில உப்பு உறிஞ்ச வாறதுகள், அநேகமா ஆண்தான். உறிஞ்சத் தொடங்கினா லேசில எழும்பாது. நான் மூண்டு நாள் சாரத்தோட மணலில படுத்துத்தான் ஒரு நல்ல படம் எடுத்தன். மனிசி இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பா. விடியவெள்ளனப் போனா செட்டையை விரிச்சு வெயில் காயும். அது இன்னும் சுகம்.

விளாத்தியடி:
ஆறு வரைக்கும் ஏன்? வளவில தேசி, விளாத்தி, கறிவேப்பிலை நிண்டா இலையைப் பிரட்டிப் பாருங்கோ. குருவிப்பீ மாதிரிச் சின்னப் புழு இருக்கும், அதுதான் பிறகு வண்ணாத்திப்பூச்சியா வரும். நசுக்கிப் போடாதேங்கோ.

மாங்குளத்தான்:
நன்றி. அக்கரைக் காட்டுக்குள்ள இறங்கலாமோ அண்ணை?

குளக்கட்டு:
ஊர்ச்சனத்திட்டக் கேட்டுப்போட்டு இறங்குங்கோ. மிதிவெடி எண்டு மண்டையோட்டுப் பலகை நிக்கிற பக்கம் எந்தப் பூச்சிக்குப் பின்னாலயும் ஓடாதேங்கோ.