புதுப்பிப்பு: சிரட்டைக் கரியில் சுட்ட அயிலை, இந்த முறை தோல் ஒட்டவில்லை

போன ஞாயிறு கம்பிவலையில் அயிலை மீன் (கானாங்கெளுத்தி) சுட்டபோது தோல் மொத்தமும் கம்பியோடு போய்விட்டது, என்ன செய்ய என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நேற்று சரியாக வந்துவிட்டது.

தப்பு மசாலாவில் இல்லை, ஈரத்தில். களியக்காவிளையில் வாங்கி வந்த ஆறு அயிலையையும் கழுவி, கீறி, பழந்துணியால் வயிற்றுக்குள்ளும் ஒற்றி எடுத்தேன். பிறகுதான் மிளகு, மஞ்சள், உள்ளி, உப்பு எல்லாம் தண்ணீர் விடாமல் அரைத்துப் பூசி 20 நிமிடம் வைத்தேன். கரியில் தீ அடங்கி வெள்ளைச் சாம்பல் படர்ந்ததும், வெறும் கம்பியை 5 நிமிடம் காயவிட்டு, மீன்மேல் தேங்காய் எண்ணெய் தடவி அடுக்கினேன். ஈர மீன் என்றால் சூடெல்லாம் தண்ணீரை வற்றவைப்பதிலேயே போய்விடும். தோல் முறுகாது, ஒட்டும்.

திருப்பத்தான் கை பரபரத்தது. மைனி (அண்ணி) விடவில்லை: "அனக்காத (அசைக்காதே) மக்கா, வெந்தா அதுவே விடும்." நாலு நிமிடத்தில் ஓரம் பழுப்பேறி, தோசைக் கரண்டியின் நுனி பட்டதும் மீன் தானாக நழுவியது. கீறல் வழியே வெள்ளைச் சதை தெரிந்தது. அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகுச் சம்மந்தியும் கூட.

பதில்களில் வந்த, வாழையிலையில் பொதியும் யோசனை நெய்மீன் (வஞ்சிரம்) துண்டுக்குப் பொருந்தும். அயிலைக்கு எனக்கு அந்தத் தோல் முறுகல்தான் வேண்டும்.