வாள் தொடுகிற கணத்தை எப்படிப் படம் பிடிப்பது?

கொக்கிரகுளத்துக்காரி:
வணக்கம். குறும்படம் எடுக்கிறேன், கரியில் படம் வரைகிறேன், மாநிலப் போட்டிகளில் வாள்வீச்சு ஆடுகிறேன், எப்பே பிரிவு. "ஏட்டி, மூணுல ஒண்ண உருப்படியாப் பிடி" என்று வீட்டில் தினமும் பாட்டு. அதற்கு இங்கே யோசனை கேட்கவில்லை.

என் ஆட்டங்களை வைத்தே பத்து நிமிடப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாள் நுனி எதிராளியைத் தொடும் கணம் மட்டும் சிக்க மாட்டேன் என்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்கு: எப்பேயில் முகமூடி முதல் கால்விரல் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. வாளின் நுனியில் ஸ்பிரிங் வைத்த சின்னப் பொத்தான் இருக்கும். ஆட்டத்துக்கு முன் வாளை நிமிர்த்திப் பிடித்து அதன் தலையில் 750 கிராம் எடையை ஏற்றி வைப்பார்கள். அமுங்கிய ஸ்பிரிங் அந்த எடையைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த வாளோடு ஆட முடியாது. ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நேரத்தில்தான் வயிற்றைக் கலக்கும், ஆட்டத்தில் அல்ல. அந்த அழுத்தத்துக்கு மேல் குத்தினால்தான் வாளோடு வயரால் இணைத்த பெட்டியில் விளக்கு எரியும். இருவரும் ஒரே சமயத்தில் குத்தினால் இரண்டு விளக்கும் எரியும், இருவருக்கும் புள்ளி. ஒரே சமயம் என்றால் பெட்டியின் கணக்கில் ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு.

நான் படம் எடுப்பதும் நொடிக்கு 25 ஃபிரேம். ராத்திரி எடிட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இது உறைத்தது. நான் ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே ஃபிரேமுக்குள் முடிந்துவிடுகிறது! முந்தின ஃபிரேமில் வாள் காற்றில் நிற்கிறது, அடுத்ததில் விளக்கு எரிந்துவிட்டது. நடுவில் ஒன்றுமே இல்லை. போனில் நொடிக்கு 240 ஃபிரேம் வைத்துப் பார்த்தேன். உள்ளரங்கத்து டியூப் லைட்டில் படம் முழுக்கக் கண் சிமிட்டுகிறது. போதாக்குறைக்கு எல்லாரும் ஒரே வெள்ளை உடை, முகமூடி. போட்டுக் காட்டினால் இதில் நான் யார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

வண்ணார்பேட்டை வீடியோ:
தங்கச்சி, இருபது வருஷமா கல்யாண மண்டப டியூப் லைட்டோடு மாரடிக்கிறவன் சொல்கிறேன். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். 240 அதோடு ஒத்துப்போகாது. 100 ஃபிரேமுக்குப் போங்க, ஷட்டரும் நொடியில் 100-ல் ஒன்று. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு முழு மினுக்கல் விழும், வெளிச்சம் சமமாக வரும். நிறைய கேமராவில் மெனுவுக்குள் போய் 'பால்' (PAL) என்று மாற்றினால்தான் அந்த 100 கண்ணில் படும். ஆவின் இல்லை, டிவிக்காரங்க பால்.

உங்கள் ஒரு ஃபிரேம் இப்போது நாலாக விரியும். ஆனால் அந்த ஷட்டரில் நுனி கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் தெரியும். சுத்தமாக வேணும்னா வெளியே வெயிலுக்கு வாங்க. காலை எட்டு மணி வெயில் போதும், ஷட்டரை 1000-ல் ஒன்றுக்கு ஏற்றிடலாம்.

களக்காட்டுக் கம்பு:
தாயி, நான் வாள்வீச்சு பார்த்தது டிவியில்தான். டோக்கியோவில் நம்ம பவானி தேவி முதல் ஆட்டத்தை 15-3 என்று முடித்தாரே, அது. அவர் ஆடுவது சேபர், அதில் இடுப்புக்கு மேலேதான் கணக்கு, வெட்டும் உண்டு, நீ ஆடுவது வேற என்று மகன் பாடம் எடுத்தான். சரி, இருக்கட்டும்.

சிலம்பத்தில் நாங்கள் கம்பைப் பார்க்க மாட்டோம். கம்பு ஏமாத்தும், காலு ஏமாத்தாது. எங்க ஆசான் மூணு மாசம் கம்பைத் தொடவே விடவில்லை. மணலில் காலடி வைக்கச் சொல்வார், வைத்த பாதத்தைச் சுற்றிக் குச்சியால் கோடு போடுவார், "மறுபடியும் இதுக்குள்ளயே மிதிக்கணும்ல" என்பார். விரல் கோட்டைத் தாண்டினால் அதே குச்சி கெண்டைக்காலில் விழும். நீ நுனி நுனி என்று ஓடுகிறாய். கேமராவைத் தரையில் வை.

பாளை அம்மா:
என் மகன் ஃபாயில் ஆடுகிறான், அதுவும் வாள்வீச்சில் ஒரு பிரிவுதான். இருபது வெள்ளை உடுப்பு நின்றாலும் அவனைக் கண்டுபிடித்துவிடுவேன். வயரை மாட்டியதும் இடது கையால் ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். உங்கம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் நேரில் பார்க்க வந்ததில்லை என்று அர்த்தம். கூட்டிட்டு வாங்க.

கொக்கிரகுளத்துக்காரி:
பத்து நாள் ஆயிற்று, மன்னிக்கணும். ஞாயிற்றுக்கிழமை காலை குறுக்குத்துறை மணலில் எடுத்தோம், நானும் கூட ஆடுகிற பிள்ளையும். ஆற்றங்கரைக்குப் பெட்டியும் வயரும் எங்கே கொண்டுபோக? எப்பே ஒலிம்பிக்கில் மின்சாரத்துக்கு மாறியதே 1936-ல்தான். அதற்கு முன்னால் நுனியில் மை தொட்டு ஆடிய காலம் உண்டு. நாங்களும் பழைய வாள் இரண்டில் நீல மை தொட்டுக்கொண்டோம்.

களக்காட்டு மாமா, நீங்கள் சொன்னதுதான் சரி. தரையிலிருந்து பார்த்தால் நுனி போய்ச் சேருவதற்கு முன்பே முன்னங்காலடியில் மணல் சிதறிவிடுகிறது. அப்புறம்தான் வாள் வில்லாக வளைகிறது. என் பின்னங்கால் குதி ரொம்பச் சீக்கிரம் தூக்கிக்கொள்வதும் தெரிந்தது. பயிற்சியாளர் ஒரு வருஷமாகக் கத்துவது இதைத்தான். மணலைப் பார்த்து நம்பிவிட்டேன், அவரை நம்பவில்லை.

அம்மாவும் வந்தாள். படித்துறையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "இந்த மையை யாரு துவைக்கது?"

ஜாக்கெட்டை ஊறப்போடுவதற்குள் பிடுங்கிவிட்டேன். பதினோரு மைப்புள்ளி, அதில் ஏழு வலது முன்கையில். எப்பேயில் எதிராளிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்பது கைதான், அதைத்தான் நான் மறைக்காமல் விடுகிறேன் என்று துணியே சொல்கிறது. இப்போது அதை அப்படியே சுவரில் மாட்டியிருக்கிறேன், படத்தின் கடைசி ஷாட்டுக்கு.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி, ஜன்னல் வெயில் நேரே அதன் மேல் விழுகிறது. வெள்ளை வெளுத்துப்போய் வெளிர்நீலப் புள்ளிகள் காணாமல் போகின்றன. எக்ஸ்போஷரைக் குறைத்தால் போதுமா, இல்லை திரை கட்டணுமா?